வீட்டுக்குள் ஆளைப் பிடித்து வைத்திருந்தால்: மட்டக்களப்புக்குப் புதிதாக வரும் எஸ்.ஐ.மாருக்கு (உப பொலிஸ் பரிசோதகர்களுக்கு) ஒரு வழிகாட்டி

பயிற்சிக் கல்லூரியில் இதற்கு ஒரு பாடம் நடக்கும். பலகையில் இரண்டு வட்டம் கீறி, வீட்டைச் சுற்றி நம் ஆட்கள் நிற்பது உள்வளையம், ஊராரை மறித்து நிறுத்துவது வெளிவளையம் என்று காட்டுவார்கள். அப்புறம் நீங்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு நிலையத்துக்கு வருவீர்கள். இரவு பத்தரைக்கு ஓர் அழைப்பு வரும். ஒருவன் மனைவியின் தங்கச்சியையும் பிள்ளையையும் அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு பெற்றோல் போத்தலோடு இருக்கிறானாம். போய்ப் பார்த்தால் கிடுகு வேலி, வாழைமரங்கள், பக்கத்து வளவுக்குப் போக இரண்டு கடப்பு, வேடிக்கை பார்க்க ஊரே திரண்டு நிற்கும். வட்டத்தை எங்கே கீறுவது?

இந்த மாவட்டத்தில் சில நிலையங்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். இப்படியான இடங்களில் பொறுப்பாக நின்று திண்டாடித்தான் இதையெல்லாம் படித்தேன். திணைக்களச் சுற்றறிக்கையும் மேலதிகாரியின் உத்தரவும்தான் முதல். அவை கைக்கு வரும் முன்னும், வந்த பிறகு இடையிடையேயும் என்ன செய்வது என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பணயக்கைதிச் சம்பவம் இரண்டு வகை. திருட வந்து மாட்டிக்கொண்டவன் தப்பிப் போக வழி கேட்பான். உள்ளே இருப்பவர்கள் அவனுக்குப் பேரம் பேசும் பொருள். அவர்களைக் கெடுத்தால் பேரமும் கெடும் என்று அவனுக்கே தெரியும். மற்ற வகையில் கோரிக்கை என்று பெரிதாக எதுவும் இருக்காது. குடும்பச் சண்டை, கடன், கசிப்பு, ஐஸ், வெளிநாட்டில் இருக்கும் மனைவியோடு தொலைபேசியில் வாக்குவாதம் என்று ஏதோ ஒன்று முற்றி வந்திருக்கும். உள்ளே இருப்பவர்தான் அவனுடைய கோபத்தின் இலக்கு. சில நேரம் தன்னையும் முடித்துக்கொள்ள நினைத்திருப்பான். நம் பக்கம் பெரும்பாலும் வருவது இந்த இரண்டாவது வகை. ஆபத்தும் இதில்தான் கூட. “அவன் என்ன கேட்கிறான்?” என்று மேலிடம் கேட்கும்போது “ஒன்றும் கேட்கவில்லை, சேர்” என்பது நல்ல செய்தி இல்லை. அதை அப்படியே அழுத்திச் சொல்லுங்கள்.

1. ஜீப்பில் ஏறுமுன்

அழைப்பு 119 வழியாக வந்தாலும் நிலையத்துக்கு நேரே வந்தாலும் அழைத்தவரை விட்டுவிடாதீர்கள். “சரி, வாறம்” என்று வைத்துவிட்டால் பிறகு அவரைப் பிடிப்பது கஷ்டம். இப்போது எங்கே நிற்கிறார், கையில் என்ன இருக்கிறது, உள்ளே யார் யார், பிள்ளைகள் எத்தனை, அவனுடைய தொலைபேசி இலக்கம் யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணால் கண்டதா, ஆரும் சொன்னதா என்று கேளுங்கள். வீட்டு வாசலில் கத்தியாக இருப்பது சந்திக்கு வருமுன் துவக்காகி, நிலையத்துக்கு வரும்போது கைக்குண்டாகிவிடும்.

தகவல் புத்தகத்தில் நேரத்தோடு பதிவு போட்ட பிறகு அழைப்புகளை எடுங்கள். முதலில் பொறுப்பதிகாரி. அவர் வழியாக ஏ.எஸ்.பி.க்கும் (உதவிப் பொலிஸ் அத்தியட்சகர்) அதற்கு மேலும் போகும். அடுத்தது 1990. சுவசரிய அம்பியுலன்ஸ் இலவசம். ஆனால் படுவான்கரையின் உட்பகுதிக்கு வந்து சேர நேரம் எடுக்கும். அதனால் நிலையத்திலிருந்தே சொல்லிவிடுங்கள். இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வோம் என்று இருக்க வேண்டாம். சைரன் போடாமல் வீட்டுக்கு இரண்டு வளைவு முன்னால் நிற்கச் சொல்லுங்கள். மூன்றாவது கிராம உத்தியோகத்தர். அந்த வீட்டில் பதிவில் இருப்பவர்கள் யார், உண்மையில் குடியிருப்பவர்கள் யார் என்பது அவருக்குத்தான் தெரியும். பெற்றோல், காஸ் சிலிண்டர் என்று பேச்சு வந்தால் தீயணைப்புப் பிரிவுக்கும் அறிவியுங்கள். வண்டி நகரத்திலிருந்து வாவியைத் தாண்டி வரவேண்டும் என்பதால், பிரதேச சபையின் தண்ணீர் பவுசரையும் கேட்டு வையுங்கள்.

ஜீப்பில் ஒரு பை எப்போதும் இருக்கட்டும்: தடித்த சீ.ஆர். கொப்பி ஒன்று, நாலைந்து பேனை, பிரிஸ்டல் போர்ட், மாக்கர், டோர்ச், ஒலிபெருக்கி, பவர் பாங்க், வெவ்வேறு வலையமைப்புச் சிம் போட்ட இரண்டு தொலைபேசி. சில கிராமங்களில் ஒரு வலையமைப்பு எடுக்கும், மற்றது செத்துக் கிடக்கும். அங்கே போய்த்தான் தெரியவரும்.

2. முதல் பத்து நிமிடம்

வீட்டு முன்னால் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். விளக்கு, சைரன் எல்லாம் தூரத்திலேயே அணைந்துவிடட்டும். நடந்து போங்கள்.

உள்ளே வெட்டு விழுந்துகொண்டிருக்கிறது, தீ வைத்துவிட்டான் என்றால் இந்தக் கட்டுரையில் மீதி எதுவும் பொருந்தாது. உயிரைக் காப்பாற்ற உடனே போகத்தான் வேண்டும். அப்படி இல்லாமல் சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறான் என்றால் அவசரப்படாதீர்கள். தொடக்கத்தில் அவனும் பதறுவான், நம் ஆட்களும் பதறுவார்கள். நேரம் போகப் போகப் பசி வரும், தூக்கம் வரும், வெறி இறங்கும். நேரம் பெரும்பாலும் நம் பக்கம்தான். சும்மா காத்திருப்பதாக வெளியில் தெரியும். ஊரார் “பொலிஸ் பார்த்துக்கொண்டு நிக்குது” என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

உள்வளையத்துக்கு இருக்கிற ஆட்களில் நிதானமானவர்களைப் போடுங்கள். வீட்டின் நாலு பக்கமும் மூடப்பட வேண்டும். குசினிக் கதவையும் கக்கூஸ் பக்கம் போகும் வழியையும் மறக்க வேண்டாம். ஒருவரின் துவக்கு மற்றவரை நோக்கி நிற்காதபடி இடம் பிரித்துக் கொடுங்கள். இருட்டில் எதிரும் புதிருமாக நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பக்கத்து வீடுகளில் இருப்பவர்களைப் பின்வழியாக மெதுவாக வெளியே எடுங்கள். எடுத்தவர்களின் பெயரை எழுதி ஓரிடத்தில் உட்கார வையுங்கள். உங்களுக்குத் தேவையான தகவல் முழுவதும் அவர்களிடம்தான் இருக்கிறது.

வெளிவளையம் ஊரைப் பொறுத்தது. எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய நிலம், நெருக்கமான வீடுகள், நடுவே கல்முனைக்குப் போகும் பிரதான வீதி. ஆரையம்பதி, காத்தான்குடி மாதிரி இடத்தில் அந்த வீதியை மூடினால் அரை மணித்தியாலத்துக்குள் இரண்டு பக்கமும் பஸ் வரிசை நிற்கும். போக்குவரத்துப் பொலிஸாரை முன்கூட்டியே கேட்டு, முடிந்தால் குறுக்கு ஒழுங்கையோடு மறிப்பை நிறுத்துங்கள். படுவான்கரையில் கதை வேறு. வீதி மறிப்பது சுலபம், வயல் பக்கம் திறந்து கிடக்கும். அங்கே இன்னொரு தலையிடியும் உண்டு. யானை வந்தால் ஆட்கள் யானை வெடி கொளுத்துவார்கள். கவலையோடு துவக்கைப் பிடித்து நிற்கும் புதுக் கான்ஸ்டபிளுக்கு அது வேட்டுச் சத்தம். வளையத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லுங்கள்: சத்தம் கேட்டால் யாரும் தானாகச் சுடக்கூடாது, ரேடியோவில் கேட்க வேண்டும். அயல் வட்டைகளில் (வயல்வெளிகளில்) காவலுக்கு இருப்பவர்களுக்கும் கிராம உத்தியோகத்தர் மூலம் சொல்லி அனுப்புங்கள்.

3. மூன்று வேலைக்கு மூன்று ஆள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

கட்டளை கொடுப்பவர் ஒருவர். உள்ளே இருப்பவனோடு பேசுபவர் இன்னொருவர். ஆயுதம் தாங்கிய அணிக்குப் பொறுப்பானவர் மூன்றாமவர். கட்டளை கொடுப்பவர் பேசக்கூடாது, பேசுபவர் கட்டளை கொடுக்கக்கூடாது என்பது உலகம் முழுக்கப் பொலிஸார் கடைப்பிடிக்கும் விதி. காரணம் எளிது. பேசுபவரிடம் ஏதாவது கேட்டால், “தம்பி, அதை நான் தீர்மானிக்க ஏலாது, மேலே கேட்டுச் சொல்றேன்” என்று அவரால் சொல்ல முடியவேண்டும். அந்த ஒரு வசனத்தில் பத்து நிமிடம் கிடைக்கும். தீர்மானிப்பவரே தொலைபேசியில் இருந்தால் “ஓம்” அல்லது “இல்லை” என்று அந்த இடத்திலேயே சொல்லியாக வேண்டும். அத்தோடு, ஒருவனோடு மணிக்கணக்காகப் பேசியவருக்கு அவன் மேல் ஓர் இரக்கமோ எரிச்சலோ வந்துவிடும். அந்த மனத்தோடு உள்ளே புகுவதா இல்லையா என்று தீர்மானிக்கக் கூடாது.

மட்டக்களப்பில் இந்த விதி எப்படி உடைகிறது என்று பாருங்கள். மேலதிகாரிகளில் பலருக்குத் தமிழ் மட்டுமட்டு. உள்ளே இருப்பவனுக்குச் சிங்களம் தெரியாது. நடுவில் இரண்டும் தெரிந்த ஒரேயொரு ஆளாக நீங்கள் நிற்பீர்கள். ஒரு காதில் அவன், மறு காதில் ஏ.எஸ்.பி., எதிரில் அழுதுகொண்டிருக்கும் மாமியார், வளையத்தில் நிற்பவர்கள் “சேர், என்ன செய்ய?” என்று கேட்கிறார்கள். பேசுபவர், மொழிபெயர்ப்பாளர், பொறுப்பாளர் என்று எல்லாமே நீங்கள்தான். உங்கள் மேல் நம்பிக்கை வைத்துத்தான் தருகிறார்கள், அதனால் மறுக்கவும் மனம் வராது. மறுங்கள். “சேர், நான் பேசுறேன், பொறுப்பை இன்னொருவருக்குக் கொடுங்கள்” அல்லது “நான் பொறுப்பில் நிற்கிறேன், பேச இன்ன சார்ஜனை விடுறேன்” என்று ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

பேசுபவருக்குப் பக்கத்தில் கட்டாயம் துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும். அவர் வாய் திறப்பதில்லை. கேட்பார், துண்டில் எழுதி நீட்டுவார், பேசுபவர் சூடானால் தோளில் தட்டுவார். மேலதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொல்வது நான்காவது ஆளின் வேலை. அவர் சுருக்கக்கூடாது, மெருகூட்டவும் கூடாது. “கொன்றுபோடுவன்” என்று அவன் சொன்னதை “கோபமாக இருக்கிறான்” என்று மாற்றினால் மேலே எடுக்கும் முடிவு பிழைக்கும்.

ஆள் போதாது என்பீர்கள். போதாதுதான். பக்கத்து நிலையத்தில் தமிழ் பேசும் யார் கடமையில் இருக்கிறார், பெண் உத்தியோகத்தர் யார் என்று இப்போதே ஒரு பட்டியல் போட்டு மேசைக் கண்ணாடிக்குக் கீழே வையுங்கள். இரவில் தேடினால் கிடைக்காது. யார் பேசுவது என்று தெரிவு செய்யும்போது பதவியைப் பார்க்காதீர்கள். அவசரப்படாமல் கேட்கத் தெரிந்தவர், இந்த ஊர்ப் பேச்சைப் பேசுபவர் போதும். “டேய்” போட்டுப் பழகிய வாய் சரிவராது.

4. கட்டளை இடம்

வீட்டிலிருந்து தெரியாத, ஆனால் நடந்து போகக்கூடிய தூரத்தில் ஓரிடம் வேண்டும். பாடசாலை, பல்நோக்குக் கட்டடம், அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டு விறாந்தை என்று எதுவும் சரி. மின்சாரமும் தொலைபேசிச் சிக்னலும் இருக்க வேண்டும். பேசுபவருக்குத் தனி அறை கொடுங்கள். கட்டளை இடத்துச் சத்தம் தொலைபேசிக்குள் கேட்கக்கூடாது.

கோயில் திருவிழாக் காலமென்றால் ஒலிபெருக்கியைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். தர்மகர்த்தாக்கள் நிச்சயம் உதவுவார்கள். தகரக் கூரை வீட்டில் மாரி மழை பெய்தால் உள்ளே இருப்பவனுக்கு உங்கள் பேச்சு எதுவும் கேட்காது. அவன் பதில் சொல்லாவிட்டால் கோபம் என்று எண்ணிவிடாதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் அந்தத் தகரத்துக்குக் கீழே பிள்ளைகளால் தாக்குப்பிடிக்க முடியாது. தண்ணீர் பற்றிய பேச்சை நீங்களே தொடங்க வேண்டியிருக்கும்.

சுவரில் பிரிஸ்டல் போர்ட் ஒட்டுங்கள். ஒன்றில் வீட்டின் வரைபடம்: கதவு எந்தப் பக்கம் திறக்கும், யன்னலுக்குக் கம்பி உண்டா, அலுமாரி எங்கே. கட்டிய மேசனே அதே ஊரில் இருப்பார், கூப்பிடுங்கள். இன்னொன்றில் உள்ளே இருப்பவர்களின் பெயர், வயது, நோய், கடைசியாக யார் எப்போது குரல் கேட்டார்கள் என்பது. மூன்றாவதில் அவன் கேட்டது, நாம் கொடுத்தது, கொடுக்க மறுத்தது. ஆள் மாறும்போது புதிதாக வருபவர் அந்தத் தாள்களை வாசித்தால் போதும்.

கொப்பி எழுதுபவர் வேறு வேலை செய்யக்கூடாது. இப்படி இருந்தால் போதும்:

22.47 தண்ணீர் கேட்டார்.
22.49 பிள்ளையின் குரல் கேட்க வேண்டும் என்றோம். மறுத்தார்.
22.58 பிள்ளை “அம்மம்மா” என்று கூப்பிட்டது கேட்டது.
23.02 இரண்டு போத்தல் தண்ணீர் கொடுக்கப் பொறுப்பதிகாரி அனுமதி.

இலக்கியம் தேவையில்லை. நேரம், நடந்தது, யார் அனுமதித்தார். நாளைக்கு நீதிமன்றத்தில் உங்களைக் காப்பாற்றப் போவது இந்த நாலு வரிதான்.

கட்டளை இடத்துக்குள் யார் வரலாம் என்று வாசலில் ஒருவர் பெயர்ப் பட்டியலோடு நிற்க வேண்டும். அரசியல்வாதிகள் வருவார்கள், சங்கத் தலைவர்கள் வருவார்கள், உங்களோடு படித்தவர் என்று சொல்லி ஒருவர் வருவார். மரியாதையாகத் தேநீர் கொடுத்து வெளியே உட்கார வையுங்கள். மேலிடத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லவே தனியாக ஒருவரைப் போடுவதும் நல்லது. வேடிக்கையாகத் தோன்றும், அனுபவப்படும்போது புரியும்.

5. பேச்சு நடக்கும்போது பொறுப்பாளர் பார்க்க வேண்டியவை

எப்படிப் பேசுவது என்பது பேசுபவரின் கலை. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது சில எல்லைகளை மட்டும்.

ஆயுதம், மதுபானம், போதைப்பொருள் கொடுப்பதில்லை. உள்ளே இருப்பவருக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்புவதில்லை, பொலிஸாரானாலும் சரி, ஐயரானாலும் மௌலவியானாலும் சரி. வீர உணர்வில் “நான் போறேன் சேர்” என்று ஒருவர் கட்டாயம் முன்வருவார். விடாதீர்கள். சாப்பாடு, தண்ணீர், மருந்து, சுருட்டு போன்றவை கொடுக்கலாம். சும்மா தூக்கிக் கொடுக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஏதாவது கேட்டு வாங்குங்கள். ஒரு பிள்ளையை விடச் சொல்லலாம். அது நடக்காவிட்டால் குரலையாவது கேட்க வையுங்கள்.

“பன்னிரண்டு மணிக்குள் வராவிட்டால்...” என்று அவன் நேரம் வைத்தால், அந்த நேரம் வரும்போது அவனோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பன்னிரண்டைத் தாண்டியதை அவன் கவனிக்காமலே போய்விடலாம். நீங்கள் ஒருபோதும் நேரம் வைக்காதீர்கள். “அஞ்சு நிமிசத்தில் சாப்பாடு வரும்” என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் பார்சல் கட்ட அரை மணித்தியாலம் எடுத்தால் அதுவரை கட்டிய நம்பிக்கை முழுவதும் போய்விடும்.

வழக்கே வராது என்று வாக்குக் கொடுப்பதும் கூடாது. வழக்கு வரும், அவனுக்கும் தெரியும். “உன்னை அடிக்க விடமாட்டேன், சட்டத்தரணியைப் பார்க்கலாம், நீதவானிடம் உன் பக்கத்தைச் சொல்லலாம்” என்பவை உங்களால் காப்பாற்றக்கூடிய வாக்குகள். நம் பிரதேசத்தில் பலருக்குப் பொலிஸ் என்றாலே பழைய பயம் ஒன்று உண்டு. “வெளியே வந்தால் என்னைக் கொண்டுபோய்ப் போட்டுருவீங்க” என்று அவன் சொன்னால் அது நடிப்பாக இருக்காது.

குடும்பத்தாரைப் பேச விடுவது பற்றி. எல்லோரும் முதலில் கேட்பது “தாயைக் கூட்டி வரவா?” என்றுதான். நான் நின்ற ஓரிடத்தில் யாரையும் கேட்காமலே ஊர்ப் பெரியவர் ஒருவர் தாயை ஓட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து கடப்படியில் இறக்கிவிட்டார். அதுவரை அரை மணித்தியாலமாக அவன் சத்தமில்லாமல் இருந்தான். அந்த அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, “உன்னால குடும்பமே நாறிப் போச்சு மனே, செத்துத் துலை” என்று ஒப்பாரி வைத்தா. உள்ளே பெற்றோல் போத்தலின் மூடி நிலத்தில் விழுந்து உருளும் சத்தம் எங்களுக்கே கேட்டது. திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவர விடியும் வரை எடுத்தது. கடைசியில் பிளேன்டீ கேட்டான், அந்தப் பேச்சில்தான் பிள்ளை வெளியே வந்தது. தாயும் மனைவியும்தான் பல நேரம் பிரச்சினையின் வேர். அவர்களிடம் தகவல் எடுங்கள், தொலைபேசியைக் கொடுக்காதீர்கள். பார்க்க வேண்டும் என்று அவனே விடாமல் கேட்டால் இன்னும் கவனம். கடைசி விடை சொல்லத்தான் கேட்கிறானா என்று யோசியுங்கள்.

மனநலச் சிகிச்சை எடுப்பவர் என்று தெரிந்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவோடு தொடர்பு கொள்ளுங்கள். கிளினிக் கொப்பி வீட்டில் உறவினரிடம் இருக்கும். மருந்தின் பெயரும் எப்போது நிறுத்தினார் என்பதும் பேசுபவருக்குப் பெரிய உதவி. அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

6. அதிரடிப் படை வந்ததும்

விசேட அதிரடிப் படையை அழைப்பது மேலதிகாரியின் தீர்மானம். கோருவதில் சுணங்காதீர்கள். வந்து நின்றுவிட்டுத் தேவைப்படாமல் திரும்பிப் போனால் யாருக்கும் நட்டமில்லை. வெடிபொருள் என்று சந்தேகம் இருந்தால் கட்டாயம் வேண்டும், செயலிழக்க வைக்கும் ஆட்கள் அவர்களிடம் இருக்கிறார்கள். கட்டுத்துவக்கு, பன்றிக்கு வைக்கும் வெடி எல்லாம் வயல் பக்கத்து வீடுகளில் இருக்கக்கூடியவை.

வந்த அதிகாரியை நேரே கட்டளை இடத்துக்குக் கூட்டிப்போய் வரைபடத்தின் முன் நிறுத்தி விளக்குங்கள். உள்வளையத்தை ஒவ்வொரு ஆளாக மாற்ற வேண்டும். எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுப்பினால் உள்ளே இருப்பவனுக்கு அது தாக்குதல் மாதிரித் தெரியும். மாறிய நேரம் கொப்பியில் வரட்டும்.

பேச்சு நடக்கும்போதே அவசரப் புகுதலுக்கு ஒரு திட்டம் தயாராக இருக்க வேண்டும். உள்ளே கொலை தொடங்கிவிட்டால் எந்தக் கதவு, யார் முன்னால், யார் பிள்ளையைத் தூக்குவது, தண்ணீரும் தீயணைப்பானும் யார் கையில் என்பவை முதலே முடிவாகியிருக்க வேண்டும். “போ” என்று சொல்லும் அதிகாரம் ஒருவருக்கு மட்டும். அவர் பெயர் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். பேசுபவருக்குத் தெரியாமல் அணியை நகர்த்தாதீர்கள். “ஒருத்தரும் கிட்ட வரமாட்டார்கள்” என்று அவர் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருக்கும்போது வேலிக்குப் பக்கத்தில் சருகு சரசரத்தால் அவர் இனி அவனுக்குப் பொய்யர்.

மின்சாரத்தை வெட்டலாமா? மின்சார சபையைக் கேட்டால் செய்து தருவார்கள். ஆனால் அவனுடைய தொலைபேசி சார்ஜில் இறங்கிவிட்டால் பேச்சே நின்றுபோகும் என்பதையும், இருட்டில் நமக்கும் உள்ளே ஒன்றும் தெரியாது என்பதையும் முதலில் யோசியுங்கள். நான் பெரும்பாலும் வெட்ட வேண்டாம் என்பேன்.

7. கமராவும் வதந்தியும்

வெளிவளையத்துக்கு வெளியே பத்திரிகையாளருக்கு ஓரிடம் ஒதுக்குங்கள். குறித்த இடைவெளியில் ஒருவர் போய்ப் பேசட்டும், பேச ஒன்றும் இல்லாவிட்டாலும். பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேஸ்புக்கில் நேரலை விடுபவர்தான் உண்மையான ஆபத்து. உள்ளே இருப்பவன் தன் தொலைபேசியில் உங்கள் ஆட்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். தமிழ், முஸ்லிம் ஊர்கள் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் பிடித்து வைத்திருப்பவனும் உள்ளே இருப்பவர்களும் வெவ்வேறு சமூகம் என்றால் கோயில் பரிபாலன சபையையும் பள்ளிவாசல் நிர்வாகத்தையும் முதல் மணித்தியாலத்திலேயே அழைத்து நடந்ததைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் வாயால் வரும் செய்தியை ஊர் நம்பும்.

8. வெளியே வரும் நேரம்

முதல் பத்து நிமிடத்துக்கு அடுத்தபடி ஆபத்தான நேரம் இதுதான். சம்மதித்துவிட்டான் என்றதும் எல்லோரும் எழும்பி முன்னால் வருவார்கள். ஒருவரும் அசையக்கூடாது.

எப்படி வர வேண்டும் என்று பேசுபவர் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்: கத்தியை எங்கே வைப்பது, எந்தக் கதவால் வருவது, கை எப்படி இருக்க வேண்டும், யார் அவனைப் பிடிப்பார்கள், விளக்கு முகத்தில் அடிக்கும் என்பதுகூட. சேர்ட் போட்டு வர ஆசைப்பட்டால் விடுங்கள். ஊர் பார்க்க அவமானப்படுத்துவார்கள் என்ற பயத்தில் கடைசி நிமிடத்தில் திரும்பி உள்ளே போனவர்கள் உண்டு. பிடித்த பிறகு ஒரு அடிகூட விழக்கூடாது. விழுந்தால் அது மருத்துவ அறிக்கையில் வரும், அடுத்த முறை இன்னொருவன் வெளியே வரவும் மாட்டான்.

உள்ளிருந்து வரும் எல்லோரையும், பாதிக்கப்பட்டவர்கள் என்று தெரிந்தாலும், சோதித்துப் பெயரைச் சரிபார்த்த பிறகே உறவினரிடம் விடுங்கள்.

9. முடிந்த பிறகு: ஆவணங்களும் நேரக் கணக்கும்

கைது செய்த நேரத்தைக் கொப்பியில் பெரிதாக எழுதுங்கள். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 37ஆம் பிரிவின்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். விடிய விடிய விழித்திருந்த களைப்பில் இந்தக் கடிகாரம் ஓடுவது மறந்துபோகும். நீதவானுக்குக் கொடுக்கும் பீ அறிக்கையை எழுத, களைப்பில்லாத ஒருவரை முதல் நாளே ஒதுக்குங்கள்.

எல்லோருக்கும் முதலில் வைத்தியசாலை. சந்தேகநபருக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சட்ட வைத்திய பரிசோதனைப் படிவம் கொடுத்து அனுப்புங்கள். காயம் இல்லை என்றாலும் சரி. இடத்தை யாரும் கழுவ விடாமல் தடயவியல் பிரிவு வரும்வரை காவல் போடுங்கள். பெற்றோல் போத்தலைக் கையால் தொடாமல் முத்திரையிட்டு நீதிமன்றம் மூலம் அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டிவரும்.

வாக்குமூலங்களைத் தனித்தனியாக எடுங்கள். ஒரே வாங்கில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் எல்லோர் கதையும் ஒன்றாகிவிடும். கொடுப்பவரின் மொழியிலேயே எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். பெண்களுக்குப் பெண் உத்தியோகத்தர், பிள்ளைகளுக்கு நிலையத்தின் சிறுவர் மகளிர் பணியகம். பிள்ளை இரவு முழுக்க விழித்திருந்தால் தூங்கிச் சாப்பிட்ட பிறகு கேளுங்கள். மிரட்டல் தொடரும் என்ற பயம் இருந்தால் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் பற்றி அவர்களுக்கு விளக்குங்கள். குடும்ப விவகாரம் என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள். “சமாதானமாகப் போறம் சேர்” என்று மறுநாள் குடும்பம் வந்து நிற்கும். அது உங்கள் கையில் இல்லை என்று சொல்லி அனுப்புங்கள்.

யாராவது இறந்திருந்தால் நீதவானுக்கு உடனே அறிவிக்க வேண்டும். பொலிஸார் சுட்டிருந்தால் துவக்குகளையும் மீதி ரவைகளையும் எண்ணி, யாருடையது எது என்று குறித்து ஒப்படைக்கும் வரை யாரும் துடைக்கவோ மாற்றவோ கூடாது.

10. செலவு

யாரும் சொல்லித்தருவதில்லை, கடைசியில் உங்கள் பொக்கற்றில்தான் விடியும். தேநீர், சோற்றுப் பார்சல், ரீலோட், ஜெனரேட்டருக்கு டீசல், ஓட்டோக் கூலி என்று இரவு முழுக்கக் காசு ஓடும். தொடக்கத்திலேயே ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். எதை வாங்கினாலும் முதலில் பொறுப்பதிகாரியிடம் கேட்டு, அனுமதித்த நேரம் கொப்பியில் வர வேண்டும். கடைக்காரர் பில் புத்தகம் இல்லை என்பார். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். “பிறகு பார்ப்பம்” என்று ஊர்க் கடையில் கடன் வைத்தால் அந்தப் பெயர் நீங்கள் மாற்றலாகிப் போன பிறகும் நிலையத்தின் மேல் நிற்கும்.

உடைந்த கதவு, சாய்ந்த வேலி, மிதிபட்ட பயிர் எல்லாவற்றையும் அன்றே படம் எடுத்து, கிராம உத்தியோகத்தர் முன்னிலையில் பட்டியலிட்டு உரிமையாளரின் கையெழுத்தோடு ஒரு பிரதியை அவருக்கும் கொடுங்கள். பணம் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பதிந்து மேலே அனுப்புவதுதான் உங்கள் பங்கு.

சீ.ஆர். கொப்பியின் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு, பொறுப்பாளரும் எழுதியவரும் கையெழுத்திட்டு, வழக்குக் கோப்போடு சேர்த்துவிடுங்கள். சம்பந்தப்பட்ட தகவல் புத்தகப் பதிவுகளின் பக்கம், பந்தி இலக்கங்களை உங்கள் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். சாட்சிக் கூண்டுக்கு அழைப்பாணை வரும்போது நீங்கள் வேறு மாவட்டத்தில் இருப்பீர்கள், நிலையத்தில் உங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இருக்கமாட்டார்.